மார்மன் இளைஞர்களின் ஊழியப் பயணம்: விருப்பமா, வீட்டாரின் கட்டாயமா?

கார்குழலி (ஓரெம், யூட்டா)

மார்மன் சபை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, தன் இளைஞர்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 2022 ஏப்ரல் பொது மாநாட்டில் அன்றைய தலைவர் ரசல் நெல்சன், தகுதியும் உடல்நலமும் உள்ள ஒவ்வோர் இளைஞனும் ஊழியத்துக்கு, அதாவது வீட்டை விட்டுச் சென்று சபையின் நம்பிக்கையைப் பரப்பும் முழுநேரப் பணிக்கு, செல்லும்படி ஆண்டவர் கேட்டிருக்கிறார் என்பதை மீண்டும் உறுதிப்படுத்தினார். பெண்களுக்கு அது அவரவர் விருப்பம் என்றும் சொன்னார். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபைத் தலைமையே முடிவு செய்யும்.

நான் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் பல ஆண்டுகளாக இங்கே வசிப்பதால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலிருந்து ஊழியம் வரை வளர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இழையை நான் தொடங்குவது சபையின் இறையியலைப் பற்றிப் பேசுவதற்காக அல்ல. சட்டப்படி யாரும் யாரையும் அனுப்ப முடியாது. புறப்படுபவன் 18 வயது நிரம்பியவன். அப்படியிருந்தும் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன, அந்த விலையை வசூலிப்பவர்கள் யார் என்பதே என் கேள்வி.

வெளியூர்க்காரர்களுக்கு வார்டு என்ற அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் இது விளங்கும். வார்டு என்பது தெருக்களை எல்லையாக வைத்துப் பிரிக்கப்பட்ட திருச்சபைக் குழு. யூட்டாவில் சில தெருக்கள் சேர்ந்தாலே ஒரு வார்டு ஆகிவிடும். நமக்குப் பிடித்த சபைக்கூடத்துக்குப் போவது என்ற வழக்கம் கிடையாது. வீடு எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் வார்டு. வார்டின் தலைவரான பிஷப்புக்குச் சம்பளம் இல்லை. பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்க்கும் அண்டை வீட்டுக்காரர் ஒருவரே சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருப்பார். ஆகவே ஓர் இளைஞனின் தகுதியை விசாரித்து அறிபவர், பெரும்பாலும் அவனைக் குழந்தையிலிருந்து பார்த்தவர்; அவன் அப்பாவோடு பழகுபவர்; அவர் மகன் இவனோடு படித்தவனாகவும் இருக்கக்கூடும். பள்ளி, விளையாட்டு, சபை, தெரு எல்லாவற்றிலும் அதே முகங்கள்.

குழந்தைகள் ஞாயிறு வகுப்பிலேயே ஒருநாள் ஊழியத்துக்குப் போவேன் என்று பாடக் கற்கிறார்கள். பல வீடுகளில் அதற்கென்று சேமிப்பு இருக்கிறது. அழைப்புக் கடிதம் வந்ததும் உறவினர் அனைவரும் கூடி, தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியைக் காணொளியில் இணைத்து, எந்த நாடு என்று ஆளுக்கு ஒன்றாக ஊகித்துவிட்டு, அதன் பிறகே உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். புறப்படுவதற்கு முன் ஞாயிறு ஆராதனையில் அவன் உரையாற்ற வேண்டும். இவை ஒவ்வொன்றும் அன்பினால் செய்யப்படுபவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தனை பேருடைய மகிழ்ச்சி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பிறகு, மனத்தில் தயக்கம் உள்ள ஒருவன் எந்தக் கட்டத்தில் வாயைத் திறக்க முடியும்?

இளம்பரிதி

அம்மா, நல்ல கேள்வி. இந்த எதிர்பார்ப்பு ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று சபைக்குள்ளேயே பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1830 இல் நியூயார்க் மாநிலத்தில் சபை தொடங்கப்பட்ட ஆண்டிலேயே சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல் ஊழியத்துக்குப் புறப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் திருமணமானவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள். மாநாட்டு மேடையில் பெயர் வாசிக்கப்படும்போதுதான் தனக்கு அழைப்பு வந்திருப்பதே சிலருக்குத் தெரியவரும். மனைவி நிலத்தையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்வாள். திருமணமாகாத பெண்கள் முழுநேர ஊழியராக அனுப்பப்பட்டது 1898 இல்தான் தொடங்கியது. பள்ளி முடித்த ஒவ்வொரு பையனும் போயே ஆக வேண்டும் என்ற இன்றைய வடிவம் மிகவும் பிற்பட்டது.

கொரியப் போர், வியட்நாம் போர்க் காலங்களில் கட்டாய இராணுவச் சேவை இருந்ததால், எத்தனை இளைஞர்களை அனுப்பலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்தது. பின்னாளில் சபையின் தலைமைக்கு உயர்ந்த டாலின் ஓக்ஸ், கொரியப் போர்க் காலத்தில் யூட்டா தேசியக் காவல் படையில் இருந்ததால் ஊழியத்துக்குச் செல்லவில்லை. பின்னாளில் சபைத் தலைவரான தாமஸ் மான்சனும் கடற்படையில் பணியாற்றியவர். இளமையில் முழுநேர ஊழியராகச் சென்றவர் அல்லர். ஊழியத்துக்குப் போகாதது அவர்களுடைய வாழ்க்கையின் கறையாகக் கருதப்படவில்லை என்பதை இன்றைய பெற்றோர் நினைத்துப் பார்க்கலாம்.

1974 இல் அன்றைய சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், தகுதியுள்ள ஒவ்வோர் இளைஞனும் செல்ல வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். அதன் பிறகே அது ஒரு தலைமுறையின் பொது விதியாக இறுகியது. அடுத்து 2002 இல் நடந்ததை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த ஆண்டு சபையின் உயர் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவரான ரசல் பல்லார்ட், ஊழியத்துக்கான தகுதியின் அளவுகோல் உயர்த்தப்படுகிறது என்று அறிவித்தார். ஒழுக்கத்தில் தவறியவர்கள் போகிறபோக்கில் மனந்திரும்பிவிட்டு வந்துவிட முடியாது என்பது அதன் சாரம். விருப்பமில்லாதவர்களைத் தள்ளி அனுப்புவதை இது குறைக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஊழியர்களின் எண்ணிக்கையும் அடுத்த சில ஆண்டுகளில் குறைந்தது. ஆனால் வார்டுக்குள் அதன் விளைவு நேர்மாறாகவும் அமைந்தது. தகுதியுள்ளவர்கள் மட்டுமே போகிறார்கள் என்றால், போகாதவன் எதையோ செய்துவிட்டான் என்று பொருளாகிறது. அதற்கு முன் சோம்பேறி என்றோ விளையாட்டுப் பிள்ளை என்றோ கருதப்பட்டிருக்கக்கூடியவன், அதன் பிறகு பாவி என்ற சந்தேகத்துக்கு உள்ளானான்.

2012 அக்டோபரில் மான்சன் ஆண்களின் வயது வரம்பை 19 இலிருந்து 18 ஆகவும், பெண்களின் வரம்பை 21 இலிருந்து 19 ஆகவும் குறைத்தார். அப்போது 60,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த ஊழியர் எண்ணிக்கை அடுத்த ஆண்டின் முடிவிலேயே 80,000ஐத் தாண்டியது. இந்த மாற்றத்தால் ஓர் இழப்பும் ஏற்பட்டது. முன்பு பள்ளிக்கும் ஊழியத்துக்கும் இடையே ஓர் ஆண்டு இருந்தது. பையன் கல்லூரி விடுதியில் தங்கி, பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், தனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யோசிக்க அந்த ஓர் ஆண்டு கிடைத்தது. இப்போது அம்மா சமைத்த சாப்பாட்டு மேசையிலிருந்து நேராகப் பயிற்சி மையத்துக்குப் போய்விடுகிறான்.

தாவீது (கோவை)

நான் இந்தச் சபையின் உறுப்பினன். இந்தியாவிலேயே ஊழியம் செய்தவன். இழையில் இதுவரை எழுதியவர்கள் மரியாதையோடு எழுதியிருக்கிறீர்கள்; அதற்கு நன்றி. ஆனால் சில செய்திகளை உள்ளிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்பார்ப்பு என்பதும் கட்டாயம் என்பதும் ஒன்றல்ல. ஓர் ஆசாரியத்துவப் பொறுப்பை இளைஞர்களிடம் ஒப்படைத்து, நீ இதைச் செய்வாய் என்று நம்புகிறோம் என்று சொல்வது அவர்களைச் சிறியவர்களாக நடத்துவது ஆகாது. காலை 6.30க்கு எழுந்து, வேதம் படித்து, முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் வாழக் கற்று, கதவுகள் முகத்துக்கு நேராகச் சாத்தப்படுவதைப் பொறுத்துக்கொண்டு, தன்னைப் பற்றிய நினைப்பையே விட்டுவிட்டு வாழும் அந்தக் காலம் என்னை மனிதனாக்கியது. கூச்சத்தால் நான்கு பேர் முன்னால் பேச முடியாதவனாகவே ஊழியத்துக்குப் போனேன். இன்று என் வேலையில் நான் நிற்கும் நிலைக்கு அந்த ஊழியமே அடித்தளம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

என் வீட்டில் அழுத்தம் எதிர்த்திசையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் பெற்றோர் சபைக்குப் புதியவர்கள். படிப்பை முடித்த பையன் வேலைக்குப் போய்த் தங்கையின் திருமணத்துக்குச் சேர்க்காமல், வெள்ளைச் சட்டையும் கருப்புப் பெயர்ப்பட்டையுமாக ஊர் ஊராகச் சுற்றப் போகிறேன் என்றபோது உறவினர்கள் வீட்டுக்கே வந்து அறிவுரை சொன்னார்கள். அம்மா நாள்கணக்கில் என்னோடு பேசவில்லை. யூட்டாவில் உள்ள நிலையை மட்டும் வைத்துச் சபை முழுவதையும் அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கார்குழலி (ஓரெம், யூட்டா)

தாவீது தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஊழியத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நீங்கள் எழுதியது என் கேள்விக்கு வலுவே சேர்க்கிறது. அது உங்கள் சொந்த முடிவு என்று நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், போகாமல் இருப்பதும் உங்களுக்குத் திறந்திருந்த வழி என்பதே. போகாமல் இருந்திருந்தால் அம்மா மகிழ்ந்திருப்பார், உறவினர்கள் பாராட்டியிருப்பார்கள், வேலை கிடைத்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுப் போனீர்கள். இங்கே உள்ள பையனுக்கு அப்படிச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அவன் உண்மையாகவே நம்பிக்கையோடு போனாலும், அது தன் நம்பிக்கையா, தன் வீட்டாரின் நம்பிக்கையா என்பதை அவனால் கண்டுபிடிக்க முடிவதில்லை. நம்பிக்கை உள்ளவனுக்கும் இது அநீதிதான்.

நம்பிக்கை குன்றியவனின் நிலை இன்னும் கடினமானது. விண்ணப்பத்துக்கு முன் பிஷப்பும், அவருக்கு மேலே, பல வார்டுகள் சேர்ந்த ஸ்டேக் என்ற தொகுதியின் தலைவரும் தனித்தனியே நேர்காணல் செய்கிறார்கள். விசுவாசம், ஒழுக்கம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது), மது புகையிலை காபி தேநீர் விலக்கு எல்லாவற்றையும் கேட்பார்கள். ஐயம் உள்ளவனுக்கு அங்கே இரண்டு வழிகள்தான் உள்ளன. உள்ளதைச் சொன்னால் பயணம் தள்ளிப்போகும்; ஏன் தள்ளிப்போனது என்று வார்டு முழுவதும் ஊகிக்கத் தொடங்கும். பொய் சொன்னால் பெற்றோர் மகிழ்வார்கள். உண்மையைப் பெரிதாகப் போற்றும் ஒரு சமயம், பதின்பருவம் முடியாத பிள்ளையை இந்த இடத்தில் நிறுத்துவதுதான் என்னை வருத்துகிறது.

நிலவன் (மேசா, அரிசோனா)

நான் மனநல ஆலோசகன். மேசா நகரமும் மார்மன் குடியேறிகளால் உருவானதே. ஆகையால் சபைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்னிடம் வருவதுண்டு. தனிநபர் எவரையும் சுட்டாமல் பொதுவாக எழுதுகிறேன்.

அழுத்தத்தின் முழு அளவையும் காண வேண்டுமானால், காலம் முடிவதற்கு முன்பே திரும்பி வந்தவர்களைப் பாருங்கள். யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் இப்படித் திரும்பியவர்களிடம் நடத்திய ஆய்வொன்றில், ஏறத்தாழ முக்கால் பங்கினர் தோல்வியுணர்வு தங்களை வாட்டியதாகச் சொன்னார்கள். உடல்நலக் குறைவு போன்ற, தங்கள் கையில் இல்லாத காரணங்களால் வந்தவர்களும் இதில் அடக்கம். காலை உடைத்துக்கொண்டு வந்தவன்கூட, என் விசுவாசம் போதவில்லையோ என்று எண்ணுகிறான் என்றால், அந்த எண்ணம் அவனுக்குள் எவ்வளவு காலமாக விதைக்கப்பட்டிருக்க வேண்டும்!

முழுக் காலமும் முடித்தவனை விமான நிலையத்தில் பலூன்களோடும் பதாகைகளோடும் வரவேற்கிறார்கள். அடுத்த ஞாயிறுகளில் ஒன்றில் சபையில் பேச அழைக்கிறார்கள். முன்னதாக வந்தவனை வீட்டார் இரவு விமானத்தில் வரவழைத்துச் சத்தமில்லாமல் அழைத்துச் செல்வதும் உண்டு. யாரும் திட்டுவதில்லை. ஆனால் அவனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் எல்லாரும் விலகி நடக்கிறார்கள். அந்த விலகலையே அவன் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சமயப் பற்றுள்ள சில இளைஞர்களுக்கு மனக்கட்டாய நோய் பாவ பயமாக வெளிப்படும். ஒருமுறை அறிக்கையிட்ட சிறு தவற்றையே மறுபடி மறுபடி அறிக்கையிடுவார்கள். செய்த ஜெபம் சரியாக அமையவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்வார்கள். இத்தகையவர்கள் வெளிப்பார்வைக்கு மிகச் சிறந்த ஊழியராகத் தோன்றுவார்கள். தனிமையில் இருக்க இடமில்லாமல், துணை ஊழியர் எப்போதும் பார்வையிலேயே இருக்க, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு வைக்கப்படும் வாழ்க்கையில் அந்த நோய் வேகமாக முற்றுகிறது. இவர்களைப் போகச் சொல்லித் தள்ள யாரும் தேவையில்லை, அச்சமே தள்ளிவிடுகிறது. அந்த அச்சத்தை விசுவாசம் என்று பெற்றோர் பாராட்டிவிடுகிறார்கள். நோயை அடையாளம் காண வேண்டிய இடத்தில் பாராட்டு கிடைப்பது எனக்குப் பெரிய கவலை.

சேரலாதன்

செலவை யார் ஏற்கிறார்கள்? சபை வசதியானது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பணம் சபையினுடையது என்றால், பாதியில் திரும்புவதில் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று விளங்கவில்லை.

இளம்பரிதி

சேரலாதன் ஐயா, செலவின் பெரும்பகுதி ஊழியருடையது அல்லது அவர் குடும்பத்தினுடையது. முன்பு அனுப்பப்படும் ஊரைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் செலவு மாறியது. 1991 முதல் அமெரிக்க ஊழியர் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மாதத் தொகை என்று சமப்படுத்தினார்கள். அது 400 டாலராக இருந்து 2020 ஜூலை முதல் 500 டாலராக உயர்ந்தது. இளைஞன் ஒருவனுக்கு 24 மாதத்துக்கு 12,000 டாலர். வசதியில்லாத குடும்பங்களுக்கு வார்டு மக்கள் சேர்ந்து உதவுவார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் அண்டை வீட்டார் கொடுத்த பணத்தில் போனவன், திரும்பி வர வேண்டிய நிலை ஏற்படும்போது யாருக்கெல்லாம் கடன்பட்டதாக உணர்வான் என்பதையும் பாருங்கள்.

தாவீது (கோவை)

நிலவன் ஐயா எழுதிய வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் சபை எதையும் மாற்றவில்லை என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரோடு பேசலாம் என்றிருந்த விதி 2019 பிப்ரவரியில் மாறியது, வாரந்தோறும் பேசலாம். அதே ஆண்டின் தொடக்கத்திலிருந்து, கற்பிக்கும் ஊழியத்துக்கும் சேவை ஊழியத்துக்கும் ஒரே விண்ணப்பம் என்று ஆக்கினார்கள். உடலோ மனமோ இடம் தராதவர்கள் வீட்டில் தங்கியபடியே மருத்துவமனையிலோ உணவு வங்கியிலோ சேவை செய்யலாம். முன்னதாகத் திரும்பியவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஹாலண்ட் 2016 இல் வெளிப்படையாகவே பேசினார்.

போதனை ஒன்று, பழக்கம் வேறு. இளைஞனை வெட்கப்படுத்துவது எங்கள் வேதத்தில் இல்லை. மனிதர்கள் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்றால் அது அந்த மனிதர்களின் குற்றம். அதற்காக ஆண்டவருடைய அழைப்பை மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கார்குழலி (ஓரெம், யூட்டா)

நீங்கள் குறிப்பிட்ட மாற்றங்கள் உண்மையானவை. அவற்றால் பயன்பெற்ற குடும்பங்கள் என் தெருவிலேயே உள்ளன. ஆனால் போதனையையும் பழக்கத்தையும் நீங்கள் பிரிக்கும் அளவுக்கு அவை பிரிந்து நிற்கவில்லை என்பது என் கருத்து.

குடும்பம் மரணத்துக்குப் பின்னும் ஒன்றாக இருக்கும் என்பது உங்கள் போதனையின் மையம். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட, அதாவது சடங்கு மூலம் என்றென்றைக்குமாக இணைக்கப்பட்ட குடும்பம் நித்தியத்திலும் குடும்பமே. அப்படி நம்பும் ஒரு தாய், தன் மகன் ஊழியத்துக்குப் போகவில்லை என்று கேட்கும்போது, இரண்டு ஆண்டுப் பயணம் ஒன்று நின்றுபோனதாக மட்டும் எண்ணமாட்டாள். மறுமையில் தன் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாகிவிடுமோ என்று அஞ்சுகிறாள். அவள் கண்ணீருக்கு வீம்பு காரணமல்ல. மகன் அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புகிறான். இதில் போதனை எங்கே முடிகிறது, பழக்கம் எங்கே தொடங்குகிறது?

பெண்களின் பக்கத்தையும் யாரும் தொடவில்லை. ஊழியம் முடித்து வந்தவனையே மணக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்து பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. ப்ரோவோவில் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் முதல் சந்திப்பிலேயே "எங்கே ஊழியம் செய்தாய்?" என்ற கேள்வி வந்துவிடும். எந்த ஊரையும் சொல்ல முடியாதவன் அந்த இடத்திலேயே தனித்துத் தெரிகிறான். அந்தப் பெண்ணும் கல் நெஞ்சக்காரி அல்லள். அவளுக்கு வைக்கப்பட்ட அளவுகோலை அவள் பயன்படுத்துகிறாள். 2012க்குப் பிறகு ஊழியம் செல்லும் பெண்கள் பெருகியதால், விருப்பம் என்று சொல்லப்பட்டது அவர்கள் பக்கமும் மெல்ல எதிர்பார்ப்பாக மாறி வருகிறது. 19 வயதில் திருமணம் நிச்சயமாகாமலும் ஊழியத்துக்குப் போகாமலும் இருக்கும் பெண்ணிடம், "உன் திட்டம் என்ன?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம்.

யாழினி (ஐடஹோ)

அனைவருக்கும் வணக்கம். நான் இக்குடும்பங்களில் ஒன்றில் மருமகளாக வந்தவள், சபையில் சேரவில்லை. என் கணவரின் தம்பி ஊழியத்துக்குச் சென்ற சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார். அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. மாமியார் அவர்முன் அழுவதில்லை, சமையலறையில் அழுகிறார். வீட்டில் வெளியாள் நான் ஒருத்தி என்பதால்தானோ என்னவோ, தம்பி என்னோடு மட்டும் கொஞ்சம் பேசுகிறார். நிலவன் ஐயா, அவரிடம் நான் எதைப் பேசலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

நிலவன் (மேசா, அரிசோனா)

யாழினி, அவர் உங்களோடு பேசுகிறார் என்பதே நல்ல அறிகுறி. ஏன் வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விமானத்தில் இருந்தபோதே அவர் நூறு முறை பதில் தேடியிருப்பார். மறுபடி எப்போது போவீர்கள் என்று எவரும் கேட்க விடாதீர்கள். அதைத் தடுக்க உங்கள் கணவரால் முடியும். அந்த ஊர் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு நன்றாகப் பழகினீர்கள், அந்த மொழியில் என்ன பேசத் தெரியும் என்று கேளுங்கள். முழுக் காலம் முடித்தவர்களிடம் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர் வாழ்ந்த மாதங்களும் வாழ்ந்த மாதங்கள்தான்.

சபையைக் குறை சொல்லி அவருக்கு ஆறுதல் தர முயலாதீர்கள். அவர் இன்னும் நம்பிக்கை உள்ளவராக இருக்கலாம். அப்படியானால் உங்களையும் இழந்துவிட்டதாக எண்ணுவார். உறக்கம், உணவு இரண்டையும் கவனியுங்கள். வாழ்வதில் பயனில்லை என்பதுபோல ஏதேனும் சொன்னால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். சபையோடு தொடர்பில்லாத ஆலோசகர் வேண்டுமா, சபையை அறிந்தவர் வேண்டுமா என்பதை அவரையே முடிவு செய்ய விடுங்கள். ஐடஹோவில் இரு வகையினரும் உள்ளனர். மாமியாரிடமும் தனியாகப் பேசுங்கள். அவர் சமையலறையில் அழுவது பக்கத்து அறையில் இருக்கும் மகனுக்குக் கேட்கும்.